மருந்தைக் குறைத்தால் ஆபத்து குறையுமா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் உழும்போதும், வாவிக்கரையில் மண் அள்ளும்போதும் துரு ஏறிய ரவைகள் இன்னும் கைக்கு அகப்படுகின்றன. 2007 ஜூலையில் இராணுவம் குடும்பிமலையைக் கைப்பற்றியதோடு கிழக்கில் சண்டை ஓய்ந்தது. ஆனால் மண்ணுக்குள் போனவை எல்லாம் வெளியே வந்துவிடவில்லை. அவற்றைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் துணிச்சல்காரர்கள் அல்லர். பிழையான ஒன்றை உறுதியாக நம்புகிறவர்கள். அதனால்தான் அத்தகைய நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: உப்புத்தண்ணீரில் வருடக்கணக்காகக் கிடந்த ரவை செத்துப்போயிருக்கும்.

உண்மை: இராணுவ ரவைகள் பலவற்றில் அடியிலுள்ள கேப்பைச் சுற்றியும் கோதின் வாயிலும் ஈரம் புகாதபடி பூச்சுப் பூசி அடைத்திருப்பார்கள். வெளியே பித்தளை பச்சை பிடித்திருந்தாலும் உள்ளே வெடிமருந்து காய்ந்தே இருக்கலாம். கைக்குண்டு என்றால் ஆபத்து இன்னும் கூடும். துரு அதன் பாதுகாப்பு ஊசியையும் தின்றுவிடும்.

நம்பிக்கை: கோதைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டால், மிஞ்சுவது பழைய இரும்புக்காரருக்கு விற்கக்கூடிய பித்தளைதான்.

உண்மை: மருந்து போனாலும் கேப்பு கோதிலேயே இருக்கிறது. அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. விரலையோ கண்ணையோ பறிக்க அதுவே போதும். முனையில் நிறம் பூசிய ரவைகள் சிலவற்றுக்குள் தீ மூட்டும் பொருளும் உண்டு. நெருப்பில் போட்ட ரவையும் சும்மா கிடக்காது. துவக்குக்கு வெளியே வெடிக்கும்போது ஈயத்தைவிட இலேசான கோதுதான் சிதறி வேகமாகப் பறக்கும்.

நம்பிக்கை: வீட்டிலேயே ரவை கட்டினாலும், மருந்தைக் குறைத்துப் போட்டால் பயமில்லை.

உண்மை: இதுதான் கேட்பதற்கு மிக நியாயமாகப் படுவது. அமெரிக்கா போன்ற நாடுகளில், பயிற்சிக்காக ரிவால்வர் ரவைகளை மென்மையாகக் கட்டிக்கொள்வோர் சட்டப்படி இருக்கிறார்கள். அவர்களே அஞ்சுவது குறைந்த மருந்துக்குத்தான். மருந்து போதாவிட்டால் ஈயம் குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அங்கே பரவலாகப் புழங்கும் .38 ஸ்பெஷல் ரவை 1898இல் கரும்பொடிக்காக வந்தது. இன்றைய புகையில்லா மருந்து அந்தக் கோதின் அடியில் சிறிதளவே கிடக்கும். மறதியில் இரண்டு தடவை போட்டாலும் நிரம்பி வழியாது, கண்ணுக்கும் தெரியாது. அளந்த அட்டவணையும் நுண்தராசும் உள்ளவர்களுக்கே நிலைமை இப்படி. எந்த மருந்து என்றே தெரியாத பழைய ரவையைப் பிரித்து, கட்டுத்துவக்கில் கைக்கணக்காக நிரப்புகிறவருக்கு எந்தக் காப்பும் இல்லை.

நம்பிக்கை: பன்றிக்குத்தானே வாய்வெடி வைக்கிறோம், யாருக்கு என்ன?

உண்மை: பூசணிக்காய்க்குள் ஒளித்து வைத்ததைக் கடிப்பது பன்றி மட்டும் அல்ல. யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறும், தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். யானையால் பயிரையும் உயிரையும் இழந்தவர்களின் வேதனை எனக்குத் தெரியும். அதற்கு இது தீர்வல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கிற நாட்டில், அனுமதியின்றி இவற்றைச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம்.

நம்பிக்கை: 2017இல் மட்டக்களப்பைக் கண்ணிவெடி அற்ற மாவட்டம் என்று அறிவித்துவிட்டார்களே.

உண்மை: அந்த அறிவிப்பு, அறியப்பட்ட கண்ணிவெடி நிலங்களைத் துப்புரவாக்கியதைப் பற்றியது. ஆற்றில் எறிந்ததும், புதைத்துவிட்டு மறந்ததும் எந்த வரைபடத்திலும் இல்லை.

எதையாவது கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். பிள்ளை வந்து "ஒன்று கண்டேன்" என்றால் ஏசாதீர்கள். ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்ததைச் சொல்லாமல் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்ளும்.