சித்திக்கு 750 மில்லி, விருந்தாளிக்கு ஒரு லிட்டர்

மாசியில் குலசாமி கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து. தாம்பூலப் பையில் என்ன வைத்துக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, வழக்கமான எவர்சில்வர் டப்பா வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார். "தண்ணி பாட்டில் குடுங்க. கையால செஞ்சதா இருக்கட்டும். நாலு பேராவது தண்ணி குடிக்கட்டும்."

சொன்னவருக்கு நாளைக்கு 750 மில்லி தண்ணீர்தான் அனுமதி. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காபி, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர், நாக்கு வறண்டால் ஒதுக்கிக்கொள்ளும் ஐஸ் கட்டி எல்லாமே அந்த 750-க்குள் அடக்கம். அவர் வாயால் அப்படிக் கேட்ட பிறகு வேறு பொருளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

இருபது வருடம் ஜவுளிக்கடையில் நின்றே சேலை விரித்துப் போட்டவர் சித்தி. மாடிக்கு மாடி கூட்டம். கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு, வேலை செய்த பெண்கள் காலையிலிருந்து தண்ணீரையே தொடாமல் இருப்பார்களாம். சித்திக்குச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் இருந்தன, சிறுநீரகம் போனதற்கு அவைதான் முக்கியக் காரணம் என்று டாக்டர் சொன்னார். அடிக்கடி வந்த நீர்க்கடுப்பை மட்டும் சித்தி அந்தக் கடையின் கணக்கில்தான் எழுதுவார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். சித்தி அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார்.

ஆக, பாட்டில் தேட ஆரம்பித்தோம். இரண்டு மாதம் ஐந்தாறு வகைகளை வாங்கி வீட்டில் ஆளுக்கொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தோம். வீட்டில் நோயாளி ஒருவரை நினைத்து இப்படிக் கொடுக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: வாங்கப்போகிறவர் அதை எங்கே வைத்துக் குடிப்பார்? வயலிலா, பள்ளிக்கூடப் பையிலா, மேஜையிலா, பேருந்திலா? மண்ணா செம்பா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து, முதல் வாரமே பன்னிரண்டு மண் பாட்டில் வாங்கிவிட்டோம்.

மண் பாட்டில் எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சமாசாரம். வைகைக் கரையில் இருக்கும் மானாமதுரை கடத்துக்குப் பேர் போன ஊர். கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடங்களில் பல அங்கே சுட்டவை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கண்மாய் மண்ணில் செய்த பாட்டிலில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். சுவரில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இதிலேயே அதன் நிறையும் குறையும் இருக்கின்றன. கசியாத மண் பாட்டில் குளிராது. குளிர்கிற பாட்டில் பையை நனைக்கும். உள்ளே பளபளவென்று பூச்சுப் பூசி "ஒழுகாது" என்று விற்பதை வாங்கினால், மண்ணின் கனத்தைச் சுமந்துகொண்டு பிளாஸ்டிக்கின் பலனைத்தான் பெறுவோம். அந்தப் பூச்சில் ஈயம் கலந்திருக்கிறதா என்ற கவலை வேறு. ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலோகம். சிறுநீரக நோயை நினைத்துக் கொடுக்கும் பொருளில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் இருக்கக்கூடாது. பூச்சு, சாயம், வார்னிஷ் எதுவும் வாய் வைக்கும் இடத்திலும் உட்புறத்திலும் இல்லாததாகப் பாருங்கள்.

இன்னொன்று, ஊரைப் பொறுத்தது. காய்ந்த காற்று வீசும் மதுரை, சிவகங்கைப் பக்கம் சித்திரை வெயிலில் மண் பாட்டில் அருமையாகக் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்த சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அதே பாட்டில் அவ்வளவு குளிராது. அங்கிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இதைக் கொடுத்து ஏமாற்ற வேண்டாம்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக வெந்தது கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். புதுசில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் நிரப்பி ஒருநாள் வைத்துக் கொட்டிவிடுங்கள். சோப்பு போடவே கூடாது, மண் அதைக் குடித்துவிடும். வாய் குறுகலாக இருப்பதால் கை நுழையாது. கல்லுப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் குலுக்கி, கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. இதை இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்யப் பொறுமை இல்லாதவருக்கு மண் பாட்டில் கொடுத்தால் உள்ளே பாசிதான் வளரும். கைக்கடக்கமான வாய் உள்ள கூஜா வடிவத்தில் குயவரிடம் சொல்லிச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

கூஜா என்றதும் என் அம்மாவின் பித்தளைக் கூஜா ஞாபகம் வருகிறது. பிளாஸ்டிக் பாட்டில் வருவதற்கு முன்னால் ரயிலேறும் குடும்பத்துக்கெல்லாம் அதுதான் பாட்டில். திருகு மூடி, தூக்கப் பிடி, மூடியைக் கவிழ்த்தால் டம்ளர். இவ்வளவு யோசித்துச் செய்த பயணப் பாத்திரம் இன்றுவரை வந்ததில்லை என்பது என் கட்சி. ஆனால் பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். ஈயம் என்று நாம் வாயால் சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயம். அதில் மலிவுக்காகக் காரீயம் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. நம்பிக்கையான பூச்சுக்காரர் பக்கத்தில் இல்லையென்றால் கூஜாவை அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

செம்புப் பாட்டிலைத்தான் எல்லாரும் முதலில் சொன்னார்கள். கோயில் தீர்த்தப் பாத்திரத்தின் மரியாதை அதற்கு உண்டு. உடையாது, பல வருடம் உழைக்கும், பெயர் வெட்டிக் கொடுக்கலாம். செம்பில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் செத்துப்போவதை ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. அங்கிருந்து தாவி, செம்புத் தண்ணீர் சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும், சர்க்கரையைக் குறைக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சித்தியே நோயின் ஆரம்பத்தில் மருந்தைக் குறைத்துக்கொண்டு செம்புத் தண்ணீரை நம்பிய ஆறு மாதம் உண்டு. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

செம்பு உடம்புக்குக் கொஞ்சம் வேண்டும், அதிகம் கூடாது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை போட்டிருக்கிறது. சாதாரணத் தண்ணீரை இரவு ஊற்றிக் காலையில் குடித்தால் இந்த எல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை. புளிப்பு சேர்ந்தால் கதை மாறிவிடும். எலுமிச்சைச் சாறு, மோர், பானகம், புளித்த நீராகாரம் எதையும் செம்புப் பாட்டிலில் ஊற்றக்கூடாது. நம் ஊர்க் கோடையில் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவதே பாதி நாள் மோரும் எலுமிச்சையும்தான். விருந்தாளி அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? வில்சன் நோய் என்று ஒன்று இருக்கிறது. பரம்பரையாக வரும் அரிய நோய், செம்பு ஈரலில் தேங்கிவிடும். அது உள்ளவர்களுக்குச் செம்புப் பாத்திரமே ஆகாது. ஈரல், சிறுநீரக நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

கையால் செய்தது என்று செம்பில் சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இயந்திரத்தில் அழுத்தி எடுத்தவை, சுத்தியல் தழும்பும் அச்சில் வந்ததே. ஒரே அளவில் ஒரே இடைவெளியில் தழும்பு இருந்தால் அது கைவேலை கிடையாது. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரின் தட்டேரா கன்னார்கள் செம்பையும் பித்தளையையும் அடித்துப் பாத்திரமாக்கும் வேலையை யுனெஸ்கோ 2014-ல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்படி அடித்துச் செய்ததை வாங்குகிற வசதி இருப்பவர்கள், களிம்பு ஏறாமல் வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் உள்ள ஒருவருக்கு, ஒற்றைப் பரிசாகக் கொடுக்கலாம். கூட்டத்துக்குக் கொடுக்க அது பொருந்தாது.

மூங்கில் பாட்டிலும் சுரைக்குடுக்கையும் பார்த்தோம். மூங்கில் திரிபுரா, அசாம் பக்கம் செய்வது. 2019-ல் காதி கிராமத் தொழில் ஆணையமே ஒன்றை வெளியிட்டது. எங்கள் வெயிலில் வாங்கிய ஒன்று மூன்றாம் வாரம் கீறல் விட்டது. பனையேறிகள் இடுப்பில் கட்டிய சுரைக்குடுக்கை மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனால் கசப்புச் சுரையில் நஞ்சு உண்டு என்பதால் எந்தக் கொடியில் காய்த்தது என்று தெரியாத குடுக்கையில் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இரண்டு. கண்ணாடி பாட்டிலுக்குப் பனையோலை உறை, எவர்சில்வர் பாட்டிலுக்குத் தையல் உறை. இரண்டிலும் பாட்டில் ஆலையில் செய்தது, உறைதான் கைவேலை. இது கைவினைதானா என்று வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. தண்ணீர் தொடும் இடம் சோதனை செய்யப்பட்ட பொருளாக இருக்கட்டும், கை தொடும் இடம் மனுஷர் கை செய்ததாக இருக்கட்டும் என்பது என் முடிவு.

எவர்சில்வரில் அடியில் 304 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் மோரும் ஊற்றலாம், கீழே போட்டால் நசுங்கும், உடையாது. வாய் அகலமாக இருந்தால் கழுவுவதற்கு ஒரு பிரஷ் போதும். உறைக்கு எங்கள் தெருவில் தையல் போடும் அக்காவிடம் வெட்டு மிச்சமான பருத்தித் துணியைக் கொடுத்து, தோளில் மாட்டும் நாடாவோடு தைக்கச் சொன்னோம். துணியை நனைத்துப் போட்டால் கொஞ்சம் குளிர்ச்சியும் வரும். மண் பாட்டில் செய்யும் அதே வேலைதான். நூறு பேருக்கு இதைத்தான் முடிவு செய்தோம், ஒரு லிட்டர் அளவில். வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள் பத்துப் பேருக்கு மட்டும் முதல் வாரம் வாங்கிய மண் பாட்டில். இரண்டைப் பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே உடைத்துவிட்டார்கள்.

அடுத்தது உறையில் என்ன எழுதுவது. சித்தியின் படத்தைப் போட்டு "தினமும் 5 லிட்டர் தண்ணீர் குடிப்பீர், சிறுநீரகம் காப்பீர்" என்று அச்சடிக்கலாம் என்றார் மாமா. சித்தி ஒரே வார்த்தையில் மறுத்தார். "என் படம் வேணாம் அண்ணே. அஞ்சு லிட்டரும் பொய்." அவர் சொன்னது சரி. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் நிறையத் தண்ணீர் பெரும் பாதுகாப்பு. கல் வந்தவர்கள் நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கெடுக்கிற சிறுநீரகத்தைத் தண்ணீர் மட்டும் காப்பாற்றாது. இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளவர்களுக்கு 5 லிட்டர் ஆபத்து. டயாலிசிஸ் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கி வரும் இளநீர்கூட ஆபத்துதான், அதில் பொட்டாசியம் அதிகம்.

உறையில் ஒரு சின்னப் பை வைத்து, அதற்குள் அட்டை. "சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் வருடம் ஒருமுறை இரண்டு சோதனை: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடர்ந்து போடாதீர்கள்." இவ்வளவுதான் என்று இருந்தோம். கடைசி வரியைச் சித்தி சேர்த்தார்: "உங்க கடையில, பட்டறையில வேலை செய்யிற பொண்ணுங்களுக்குக் கழிவறை சாவி கையில இருக்கட்டும்." பேச்சுத் தமிழாகவே அச்சடித்தோம். மார்ச் மாதம் இரண்டாவது வியாழன் உலகச் சிறுநீரக நாள், 2006 முதல் நடக்கிறது. காதுகுத்தும் அதை ஒட்டியே வந்தது.

சித்திக்கென்று ஒரு பாட்டில் வேண்டுமே. அவருக்கு எவர்சில்வர் ஆகாது, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. 750 மில்லி கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, காலையில் முழுக்க நிரப்பி வைக்கிறோம். காபி 100 மில்லி குடித்தால், அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து 100 மில்லியை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார். மிச்சம் இருப்பது மட்டும் அன்றைய பங்கு. கணக்குப் புத்தகம் தேவையில்லை. உறைக்குச் செட்டிநாட்டுக் கொட்டான் முடையும் ஒரு பெண்ணிடம் சொன்னோம். அளவெடுக்க வந்தவர் எதற்கு என்று கேட்டார், சொன்னோம். பத்து நாளில் கொண்டுவந்த உறையில், அடியிலிருந்து கழுத்து வரை இரண்டு விரல் அகலத்துக்கு ஓலை முடையாமல் விட்டிருந்தார். அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கும் கோடு தெரிகிறது.