இரத்தத்தைத் தூய்மை செய்யும் சிறுநீரகங்கள்

ஆவடிக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையில் உள்ள நெமிலிச்சேரி வட்டாரம் ஏரிப் பாசனம் பழகிய பகுதியாகும். வரத்துக் கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது என்பதையும், வடிகால் அடைபட்டால் பயிர் அழுகும் என்பதையும் இங்குள்ள உழவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. நம் உடலிலும் இத்தகைய வடிகால் ஒன்று உண்டு. அதனை நடத்துபவை இரு சிறுநீரகங்கள். அவற்றின் பணியையும், அவை பழுதுபடாமல் காக்கும் வழியையும் இங்குக் காண்போம்.

அமைப்பும் பணியும்

சிறுநீரகங்கள் முதுகுப் புறத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இருமருங்கிலும் அமைந்துள்ளன. அவரை விதையின் வடிவுடைய இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 செ.மீ. நீளமும் 150 கிராம் எடையும் உள்ளவை. உருவில் சிறியனவாயினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்கு ஒரு லிட்டருக்கும் மேல், இவற்றின் வழியே செல்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உள்ளன. நெப்ரானின் தலைப்பில் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் முடிச்சுப் போல் சுருண்டு கிடக்கின்றன. இம்முடிச்சு சல்லடையாக நின்று, இரத்த அணுக்களையும் புரதத்தையும் தடுத்து நிறுத்துகிறது. நீர், உப்பு, சர்க்கரை, கழிவுப் பொருள்கள் ஆகியவற்றைக் கசிய விடுகிறது. இவ்வாறு நாளொன்றுக்குக் கசியும் நீர் ஏறக்குறைய 180 லிட்டராகும். உடலில் உள்ள இரத்தமோ 5 லிட்டர் அளவே. ஒரே இரத்தம் மீண்டும் மீண்டும் வடிகட்டப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

கசிந்தது முழுவதும் வெளியேறிவிட்டால் உயிர் தரிக்க இயலாது. ஆதலின் சல்லடையை அடுத்துள்ள நுண்குழாய்கள் சர்க்கரையையும், வேண்டிய உப்பையும், பெரும்பகுதி நீரையும் மீட்டு இரத்தத்தில் சேர்க்கின்றன. எஞ்சுவது சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரே. புரத உணவின் சிதைவால் உண்டாகும் யூரியாவும், தசைகளிலிருந்து வரும் கிரியேட்டினினும் அதில் கலந்து வெளியேறுகின்றன. அன்றியும், இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதும் சிறுநீரகத்தின் தொண்டுகளாகும்.

ஓசையின்றி வரும் கேடு

ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர், மற்றொன்றைக் கொண்டு நலமாக வாழ இயலும். இயற்கை அத்துணைக் கூடுதல் வலிமையை வழங்கியுள்ளது. ஆனால் அவ்வலிமையே கேட்டை மறைத்தும் விடுகிறது. நெப்ரான்கள் சிறிது சிறிதாக அழியும்போது வலி தோன்றுவதில்லை. கால் வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும் வேளையில் பெரும்பகுதி அழிந்திருக்கும். அழிந்த நெப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. பின்னர் மாற்றுச் சிறுநீரகம் பெற வேண்டும். அன்றேல் பெரும்பாலும் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். நாட்கூலியை நம்பிய குடும்பத்திற்கு இது தாங்கொணாச் சுமையாகும்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இக்கேட்டிற்கு முதன்மைக் காரணங்கள். வலி நிவாரண மாத்திரைகளை மருத்துவர் யோசனையின்றி நெடுநாள் உட்கொள்வதும் தீங்கு செய்யும். கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாது உழைப்பதும் அஞ்சத்தக்கதே. தமிழகப் பண்ணைத் தொழிலாளரிடையே நடத்தப்பெற்று 2025-இல் வெளியான ஆய்வில், சிறுநீரக நோய் காணப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு முதலிய வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

ஊரிலேயே கண்டறியலாம்

நோயைத் தொடக்கத்திலேயே அறிய எளிய வழி உண்டு. பழுதுற்ற சல்லடை புரதத்தைச் சிறுநீரில் கசிய விடும். 1990-களின் இறுதியில் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்களும் சென்னைக் கிட்னி ஹெல்ப் டிரஸ்டும் சென்னையை அடுத்த சிற்றூர்களில் இவ்வுண்மையைப் பயன்படுத்தினர். சுமார் 25,000 மக்கள் வாழும் பகுதியில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று சிறுநீரைச் சோதித்தனர். இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். நோய் கண்டவர்களுக்கு விலை மலிவான மருந்துகளே வழங்கப்பட்டன. பெரிய மருத்துவமனை இல்லாத ஊரிலும் தடுப்புப் பணி இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழக அரசும் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தையும், 2023-இல் ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டத்தையும் தொடங்கியது.

நாம் செய்யத்தக்கவை

1. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

2. வயல் வேலை, நூறு நாள் வேலை, கட்டட வேலை நடக்கும் இடங்களில் குடிநீரும் நிழலும் இருத்தல் வேண்டும். கடும் வேலையைக் காலையிலேயே முடிப்பது நன்று.

3. உணவில் உப்பைக் குறைத்தலும், புகையிலையை விலக்குதலும் வேண்டும்.

4. முன்பே சிறுநீரக நோய் உள்ளவர்கள், மருத்துவர் கூறிய அளவுக்கே நீர் அருந்த வேண்டும்.

5. ஆண்டுதோறும் மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில், ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சோதனை முகாமுக்கு நாள் குறிக்கலாம்.

கோடையில் கால்வாயைத் தூர் வாரினால்தான் மழைக்காலத்தில் நீர் வந்து சேரும். உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்யும் சோதனையும் அத்தகையதே. ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் தாமே சோதித்துக்கொண்டு வழிகாட்டினால், ஊரார் தயங்காது பின்தொடர்வர்.