இனமுள்ள அடையும் இரண்டு காற்புள்ளிகளும்

நான் வெளி மாநிலத்திற்குப் படிக்க வந்த முதல் ஆண்டில், உதவித்தொகை வேண்டி ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். "சென்னையில் பணிபுரியும் என் தமையனார் என்னைப் படிக்க வைக்கிறார்" என்பது கருத்து. "மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் சென்னை" என்று, காற்புள்ளி ஏதுமின்றித் தொடங்கினேன். சில நாளில் ஒரு வினா வந்தது: "மற்றைத் தமையன்மாரின் வருமானம் எவ்வளவு?" எனக்கிருப்பவரோ ஒரே தமையனார்! விளக்கம் எழுதிப் பணம் கைக்கு வர இரண்டு திங்கள் ஆயின. அதுவரை அவர் கடன் வாங்கி அனுப்பினார்.

பிழை என்னுடையதே. காற்புள்ளி இன்றேல், தமையன்மார் பலருள் சென்னையில் பணிபுரிபவர் என்று பொருள்படும். 'பிரதர்' என்பதன் பின்னும் 'சென்னை' என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டிருந்தால், தமையனார் ஒருவரே, அவர் பணிபுரிவது சென்னையில் என்று ஆகியிருக்கும். முன்னது பிரித்துக் காட்டும் அடை. பின்னது செய்தி கூறும் அடை.

நாம் இதில் இடறுவதற்குக் காரணம் உண்டு. நம் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கும்; இரு பொருளுக்கும் அதற்கு ஒரே வடிவம். எது என்பதை இடம் நோக்கி உணர்கிறோம். ஆங்கிலத்திலோ அவ்வடை பெயருக்குப் பின் வரும். பொருளைக் காற்புள்ளி காட்டும்.

ஆயினும் இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. செந்தாமரை என்பதில் உள்ளது இனமுள்ள அடை, வெண்டாமரையும் உண்டன்றோ? செஞ்ஞாயிறு என்பதில் உள்ளது இனமில்லா அடை, ஞாயிறு ஒன்றே. இனமில்லா அடை செய்யுளுக்கு உரியது என்றார் தொல்காப்பியர்; பவணந்தியார் அதனை வழக்கிற்கும் உடன்பட்டார். பள்ளியில் நன்னூலை மனப்பாடம் செய்தவன் நான். ஆங்கிலம் எழுதும்போது அது துணைநிற்கும் என்று தோன்றவில்லை!

ஆகவே நண்பர்களே, ஆங்கிலத்தில் இத்தகைய அடையை எழுதும்போது, "இதற்கு இனம் உண்டா?" என்று கேளுங்கள். இனத்தினின்றும் பிரிப்பதாயின் காற்புள்ளி வேண்டா. இன்றேல் இருபுறமும் இடுக. தொடக்கத்தில் இட்டு முடிவில் மறப்போர் பலர். காற்புள்ளியிட்ட அடையில் 'தட்' என்னும் சொல்லும் வேண்டா. 'ஹூ', 'விச்' என்பனவே பொருந்தும்.

ஒரு பயிற்சி: "தேர்வுக்குப் படிக்காத மாணவர்கள் தோற்றனர்." இதனை ஆங்கிலத்தில் எழுதுங்கள். காற்புள்ளி இன்றேல் படிக்காதவர் மட்டும் தோற்பர். இருபுறமும் இட்டால் வகுப்பில் ஒருவருமே படிக்கவில்லை, அனைவரும் தோற்றனர்!