ஸ்பைக் புரதம் உட்கருவுக்குள் போகிறதா?

"கொரோனா ஊசியால் உண்டாகும் ஸ்பைக் புரதம் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து டி.என்.ஏ.வையே மாற்றிவிடுகிறது. வெளிநாட்டு விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்." விருத்தாசலம் பாலக்கரை டீக்கடையிலும், செராமிக் பட்டறைகளில் அச்சு வார்க்கும் இடத்திலும் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்தைக் கண்டாலே ஓடியவர்களெல்லாம் இப்போது உட்கருவைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். 2021 அக்டோபரில் 'வைரசஸ்' என்ற ஆய்விதழில் ஸ்வீடனில் பணிபுரிந்த இருவர் அதை எழுதினார்கள். ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் ஸ்பைக் புரதத்தைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்ததாகவும், அது உட்கருவில் சேர்ந்து டி.என்.ஏ. பழுதுபார்க்கும் வேலையைத் தடுத்ததாகவும் சொன்னார்கள். தடுப்பூசி எதையும் அவர்கள் சோதிக்கவில்லை. சோதனை முறையே சரியில்லை என்று 2022 மே மாதம் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்தியை ஊரெல்லாம் பார்வர்டு செய்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைச் செய்தார்கள்?

உட்கரு திறந்த வீடு அல்ல. அதன் சுவரில் உள்ள துளைகளில் சிறிய புரதங்கள் தாமாக நுழையலாம். பெரியவற்றுக்குத் தொழிற்சாலை கேட் பாஸ் போல ஓர் அடையாளக் குறி வேண்டும். அதைப் பார்த்துத்தான் இம்போர்ட்டின் என்னும் செல்லின் சொந்தப் புரதம் உள்ளே தூக்கிச் செல்கிறது. அந்தக் குறி முதலில் தெளிவாகக் கண்டறியப்பட்டதே ஒரு வைரஸ் புரதத்தில்தான்: 1984-இல், எஸ்.வி.40 வைரஸின் புரதம் ஒன்றில், வெறும் 7 அமினோ அமிலங்கள். ஸ்பைக் 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். அதன் வழக்கமான பாதை செல்லின் வெளிச்சவ்வை நோக்கியது, உட்கருவை நோக்கியதல்ல.

சரி, போனதாகவே வைத்துக்கொள்வோம். போனால் மரபணு மாறிவிடுமா? சாதாரண ஃப்ளூ வைரஸ் தன் புரதங்களையும் ஆர்.என்.ஏ.வையும் உட்கருவுக்குள் அனுப்பித்தான் பெருகுகிறது. தலைமுறை தலைமுறையாக நமக்கு ஃப்ளூ வருகிறது. யாருடைய பரம்பரை மாறியது?

நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். கோவிஷீல்டில் வரும் அடினோவைரஸின் டி.என்.ஏ. உட்கருவுக்குள் போகத்தான் செய்கிறது, இதை மறைக்கத் தேவையில்லை. அங்கே அதிலிருந்து நகல் எடுக்கப்படுகிறது. ஆனால் நம் குரோமோசோமில் தன்னைத் தைத்துக்கொள்ளும் நொதி அதனிடம் இல்லை. அந்த நொதியைக் கொண்டுவருவது எச்.ஐ.வி.

உட்கருவில் நிஜமாகவே நாசம் செய்யும் வைரஸ் புரதம் வேண்டுமென்றால் எச்.பி.வி.யைப் பாருங்கள். அதன் ஈ6, ஈ7 புரதங்கள் செல்லின் காவல் புரதங்களை அழித்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழி செய்கின்றன. அதைத் தடுக்கும் ஊசியில் இருப்பதோ வெற்று ஓட்டுப் புரதம்தான். அதையும் "மகளுக்குக் குழந்தை பிறக்காது" என்று சொல்லி மறுக்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. கஷாயம் தொண்டைக்கு இதம் தரலாம், உட்கருத் துளையை அடைக்காது. சூளைச் சூட்டில் வைரஸ் சாகாது: சூளை 1,200 டிகிரியில் எரிந்தாலும் பக்கத்தில் நிற்பவரின் உடம்பு 37 டிகிரிதான், வைரஸுக்கு அது போதும்.

கண்ணுக்குத் தெரியாத புரதத்துக்கு இவ்வளவு பயப்படும் ஊரில், மூக்கில் நேராக ஏறும் சிலிக்கா தூசிக்கு யாரும் பயப்படுவதில்லை. குவார்ட்ஸ் கலந்த மண் பவுடரைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டுகிறார்கள். சிலிக்கோசிஸ் வந்தால் குணமாக்க மருந்தில்லை, காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அது கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. பட்டறைக்காரர்களே, தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லுங்கள். துணி மாஸ்க்கை எடுத்துவிட்டு என்95 வாங்கிக் கொடுங்கள். வருடம் ஒரு முறை எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள்.