கழற்சிக்கொடி

வித்திட்டு, நீர் பாய்ச்சி, களை பறித்து வளர்த்த பயிர், ஆட்டு மந்தை ஒன்று புகுந்தால் ஒரே இரவில் அழிந்துவிடும். ஆகவே, உழவர்க்கு ஏரும் எருவும் போலவே வேலியும் இன்றியமையாததாகும். கல்லால் மதில் எழுப்பவும் கம்பியால் வேலி கட்டவும் பொருள் வேண்டும். பொருள் குறைந்தார்க்கு இயற்கையே வேலிகள் பலவற்றை அளித்துள்ளது. கள்ளியும் கிளுவையும் கொடுக்காய்ப்புளியும் அத்தகையன. கொடியினத்தில் அவ்வாறு பயன்படுவது கழற்சி.

கழற்சி கடற்கரை ஓரங்களிலும் புதர்க்காடுகளிலும் தானே வளரும். பற்றுவதற்கு மரமோ புதரோ கிடைத்தால், பல முழம் நீண்டு அதன் உச்சியை எட்டிப் படரும். இதன் இலை, சிற்றிலைகள் பல சேர்ந்த கூட்டிலை. நடுக்காம்பிலிருந்து கிளைக்காம்புகள் இணை இணையாகப் பிரியும். அவற்றில் சிற்றிலைகளும் இணை இணையாக அமைந்திருக்கும். இலைக்காம்பின் அடியில் சிறிய இலை போன்ற செதில்கள் காணப்படும். மலர்கள் மஞ்சள் நிறத்தவை. கொத்துக் கொத்தாக மலர்வன.

தண்டில் மட்டுமன்றி இலைக்காம்பிலும் முட்கள் உண்டு. காம்பின் அடிப்புறத்து முட்கள் தூண்டில்போல் பின்னோக்கி வளைந்திருக்கும். முல்லை தன் தண்டால் கொழுகொம்பைச் சுற்றும். பாகல் தன் பற்றுக்கம்பியால் பிடிக்கும். கழற்சியோ முள்ளையே கையாகக் கொண்டு ஏறுகிறது. காற்றில் அசையும் இளந்தளிர் அருகிலுள்ள கிளையில் மாட்டிக்கொள்ளும். மீண்டும் காற்றடித்தால் முன்னேறுமேயன்றிப் பின்வாங்காது. வேலிக்குள் தலை நுழைக்கும் ஆட்டையும் இம்முள் இவ்வாறே பற்றிக்கொள்கிறது. ஒருமுறை அகப்பட்ட விலங்கு மறுமுறை அவ்வழியை நாடுவதில்லை.

இண்டங்கொடியும் முள்ளுடைய கொடியே. எனினும், அதன் சிற்றிலைகள் மிக நுண்ணியவை, காய் தட்டையானது, காயில் முள் இல்லை. கழற்சியின் சிற்றிலைகள் அவற்றினும் பெரியவை. காயின் புறமெல்லாம் முட்கள் செறிந்திருக்கும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டால் ஒன்றை மற்றொன்றாக மயங்க வேண்டுவதில்லை. முற்றிய காய் வெடித்துத் திறக்கும். உள்ளே ஒன்று, இரண்டு, சிலபோது மூன்று விதைகள் இருக்கும். அவை சாம்பல் நிறமும் பளபளப்பும் உடையவை, கல்லைப்போல் கடியவை.

இவ்விதையைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். சங்கச் செய்யுட்களில் வரும் ‘கழங்கு’ என்னும் சொல்லுக்குக் கழற்சிக்காய் என்று பொருள் கூறுவர். மகளிர் மணல் முற்றத்தில் கழங்காடினர். மகளின் வாட்டத்திற்குக் காரணம் அறியாத தாய், வேலனை அழைத்துக் கழங்கு கொண்டு குறி பார்த்தாள். பிற்காலத்தில் சோழியும் புளியங்கொட்டையும் போலக் கழற்சிக்காயும் பல்லாங்குழிக்குக் காயாயிற்று. கடலுக்கு அப்பால், மேற்கிந்தியத் தீவுகளிலும் பல்லாங்குழியை ஒத்த ‘வாரி’ என்னும் ஆட்டத்தை இவ்விதைகளைக் கொண்டே ஆடுகின்றனர்.

அத்தனை தொலைவில் உள்ள நிலங்களிலும் ஒரே கொடி வளர்வது எவ்வாறு? விதையின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் அது நீரில் மிதக்கிறது. ஓடு கடியதாதலால் உப்புநீர் உட்புகுவதில்லை. ஆதலின், கடல் நீரோட்டங்கள் அதனை நெடுந்தொலைவு சுமந்து செல்கின்றன. வெப்ப நாடுகளின் கரையில் ஒதுங்கினால் அது முளைக்கக்கூடும். ஸ்காட்லாந்து, நார்வே போன்ற குளிர் நாடுகளின் கரைகளிலும் அது ஒதுங்குவதுண்டு; அங்கே முளைத்து வளர வழியில்லை. மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேலைத் தீவுகளைப் பற்றி 1703ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கரையொதுங்கிய இத்தகைய கொட்டைகளைத் தீமை அணுகாதிருக்கக் குழந்தைகளின் கழுத்தில் அணிவிக்கும் வழக்கத்தைக் குறித்துள்ளார்.

கடலுக்கு அஞ்சாத அந்த ஓடே, விதைப்போர்க்கு இடையூறாகவும் அமைகிறது. நீர் உட்புகாத விதை எவ்வாறு முளைக்கும்? ஆகவே, விதையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து ஓட்டை மெலிவிக்க வேண்டும். விதையில் வடு உள்ள முனையைத் தேய்த்தலாகாது. அதன் அருகிலேயே முளை உள்ளது. தேய்க்கும்போது விதை மிகவும் சூடேறும் என்பதைச் சிறுவர் நன்கு அறிவர்! பின்னர் விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்தால், நீர் உட்புகுந்தவை பருத்துத் தோன்றும். பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து ஊறவைக்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில், பருத்த விதைகளை இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். கொடி பற்றி ஏற மூங்கிற் கழிகளை நட்டு வைத்தல் நலம். வேரூன்றும் வரை நீர் ஊற்றினால் போதும். பின்னர் அது வறட்சியையும் தாங்கும்.

நட்டதோடு உழவரின் கடமை முடிந்துவிடுவதில்லை. விரைந்து படர்வதே இக்கொடியின் நன்மை. அதுவே இதன் தீமையும் ஆகும். கவனியாது விட்டால், இது மரங்களின்மேல் ஏறி ஒளியை மறைக்கும், வழியை அடைக்கும், விளைநிலத்துள்ளும் புகும். ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்னும் பழமொழி அப்போது மெய்யாகிவிடும். ஆகையால், வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடைபாதைக்கும் அண்மையில் இதனை நடுதல் கூடாது. எல்லை கடந்த கிளைகளைக் கவைக்கோலால் தூக்கி, அரிவாளால் வெட்ட வேண்டும். வெட்டியவற்றை வழியில் எறிதலும் தகாது. காய்ந்த முள்ளும் காலைக் கிழிக்கும். உதிர்ந்த விதைகளைத் திரட்டிவிட்டால் வேண்டாத இடங்களில் முளைப்பது குறையும்.

விதைப்பருப்பு மிகக் கசப்பானது. காய்ச்சலுக்கு இதனை மிளகுடன் சேர்த்து வழங்குவது நாட்டு மருத்துவ வழக்கம். எனினும், அதன் அளவையும் பக்குவத்தையும் மருத்துவரே அறிவர். விளையாடும் விதையை வாயிலிடுதல் கூடாது.

மாணவர்களே! முள் என்றவுடன் வெறுப்பதும், பயன் என்றவுடன் எங்கும் நட்டுவிடுவதும் அறிவுடைமை ஆகா. ஒரு செடியை ஐயமின்றி அடையாளம் காணுதல், அதற்குரிய இடத்தை அறிதல், அதனை எல்லையில் நிறுத்துதல் ஆகிய மூன்றும் தேர்ந்தவர்க்கு முள்கொடியும் நல்ல காவலாகும்.