ஹைலைட்ஸை எடைபோடத் தெரியுமா?

விளையாட்டுச் சேனலின் எடிட் அறையில் வேலை தேடுகிறவர்களுக்கு எந்த மென்பொருள் தெரியும் என்ற கேள்வி சுலபம். ஒரு கார்ப் பந்தய ஹைலைட்ஸை ஓடவிட்டு, ‘எப்படி இருக்கு, சொல்லுங்க’ என்றால்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ‘செம விறுவிறுப்பு’ என்ற பதிலுக்கு எந்தத் தயாரிப்பாளரும் மயங்க மாட்டார்.

கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த பந்துகளைக் கோத்தாலே முக்கால்வாசிக் கதை வந்துவிடும். பந்தயத்தில் அப்படி இல்லை. முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் நடக்கும்போது திரையில் அநேகமாக ஒன்றுமே நடக்காது.

2019 ஃபார்முலா ஒன் ஹங்கேரி கிராண்ட் பிரிக்ஸைப் பாருங்கள். மொத்தம் 70 சுற்று. வெர்ஸ்டாப்பன் முன்னால், ஹாமில்டன் பின்னால். நடுவே ஒருமுறை முந்தப் பார்த்து, நாலாவது திருப்பத்தில் ஓடுதளத்துக்கு வெளியே போய்விட்டு வந்தார் ஹாமில்டன். 48வது சுற்றில் மெர்சிடிஸ் அவரை இரண்டாம் முறையாக பிட்டுக்குக் கூப்பிட்டுப் புது மீடியம் டயர் மாட்டி அனுப்பியது. வெளியே வந்தபோது சுமார் 20 விநாடி பின்தங்கியிருந்தார். வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணியும் டயர் மாற்றினால் முதலிடம் போய்விடும். மாற்றாவிட்டால் பழைய டயரோடு தாக்குப்பிடிக்க வேண்டும். மாற்றவில்லை. 67வது சுற்றில் ஹாமில்டன் முந்திவிட்டார்.

சோம்பேறி எடிட்டர் ஸ்டார்ட்டை வைப்பார், நாலாவது திருப்பத்தை வைப்பார், நேரே 67வது சுற்றுக்குத் தாவுவார். பார்ப்பவருக்கு அது வேகமான கார் ஒன்று மெதுவான காரைத் தாண்டிய சமாசாரம், அவ்வளவே. நல்ல எடிட்டர் அந்த பிட் ஸ்டாப்பில் நிற்பார். பிறகு இடைவெளி எண் திரையில் சுருங்குவதை மூன்று நான்கு இடங்களிலாவது காட்டுவார். டயர் தீர்ந்துபோன வெர்ஸ்டாப்பனின் ரேடியோ குரலையும் விடமாட்டார். இத்தனைக்கும் இரண்டு நிமிடம் போதும். காரணம் உள்ளே இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும்.

கேமராவைப் பாராட்டி மதிப்பெண் வாங்கப் பார்க்காதீர்கள். ஃபார்முலா ஒன் படங்களைப் போட்டியை நடத்தும் நிறுவனமே தயாரித்து, ‘வேர்ல்டு ஃபீட்’ என்று எல்லாச் சேனல்களுக்கும் தருகிறது. பிரிட்டனில் ஸ்கை நேரலையாகக் காட்டுவதும், 2019 முதல் பெரும்பாலான பந்தயங்களுக்கு ஹைலைட்ஸ் மட்டும் போடுகிற சேனல் 4 காட்டுவதும் அடிப்படையில் ஒரே படம்தான். ஹைலைட்ஸ் குழுவின் கைவண்ணம் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்பதில் தெரியும்.

ஒலியைத் தனியாகக் கேளுங்கள். வர்ணனையாளரின் வாக்கியம் பாதியில் அறுபட்டால் வெட்டு மோசம். டீம் ரேடியோ நேரலையிலேயே சற்றுத் தாமதமாகத்தான் ஒலிக்கும். அதை உரிய சுற்றில் பொருத்துவது நல்ல வேலை, வேறொரு சுற்றின் புலம்பலைக் கொண்டுவந்து ஒட்டுவது மோசடி. முடிவு தெரிந்தபின் குரல் பதிந்த வர்ணனையாளர்களுக்குத் திடீரென்று ஜோதிடம் கைவந்துவிடும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடி விழுந்ததோடு எல்லாம் முடிவதில்லை. அதே 2019இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஆல்ஃபா ரோமியோ கார்கள் இரண்டுக்கும் பந்தயத்துக்குப் பின் தலா 30 விநாடி அபராதம். 11வதாக வந்த ஹாமில்டன் 9வது ஆனார். 10வது இடத்துக்கு ஏறிய குபிட்சா, வில்லியம்ஸ் அணிக்கு அந்த ஆண்டின் ஒரே புள்ளியைத் தந்தார். தீர்ப்பு வந்தபின் ஒளிபரப்பாகும் ஹைலைட்ஸில் இது ஒரு வரியாவது இல்லையென்றால் தவறான முடிவைச் சொன்னதாகிவிடும்.

பயிற்சிக்கு ஒரு முழுப் பந்தயம் பாருங்கள். முக்கியம் என்று பட்ட சுற்று எண்களைக் குறித்துவிட்டு, பிறகு ஹைலைட்ஸோடு ஒத்துப்பாருங்கள். அதே ஹைலைட்ஸைப் பந்தயம் பார்க்காத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, ‘இவர் ஏன் ஜெயித்தார்?’ என்று கேளுங்கள். ‘வேகமாக ஓட்டினார்’ என்று பதில் வந்தால் எடிட்டர் தோற்றுவிட்டார். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் நடக்கும் போட்டிகளை ஓடுதள ஓரமாக நின்று பார்ப்பதும் நல்லது. திரை எதையெல்லாம் மறைக்கிறது என்பது அங்கேதான் புரியும்.

நேர்காணலில் ‘இதைச் சேர்த்திருக்கலாம்’ என்று சொன்னால், ‘எதை எடுத்துவிட்டு?’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஒளிபரப்பு நேரம் ஒரு விநாடியும் நீளாது. ஒரே மோதலின் மூன்றாவது கோண ரீப்ளே, கராஜில் கைகாட்டும் சினிமா நட்சத்திரம், மேடையில் பீய்ச்சும் ஷாம்பெயின் ஆகியவற்றில் கத்தரி வைக்கத் தொடங்குங்கள்.