கரந்துறையும் நாயகன்

நுழையும்முன்

தன்னை மறைத்து வாழும் நாயகன் நமக்குப் புதியவன் அல்லன். பிருகன்னளை என்னும் பெயரில் ஆடல் கற்பித்த அருச்சுனனையும், வாகுகனாய்த் தேரோட்டிய நளனையும் நாம் அறிவோம். அவர்களின் கரந்துறை வாழ்க்கைக்கு ஓர் எல்லை இருந்தது. எல்லை குறிக்கப்படாத மறைவு வாழ்க்கை ஒன்றை அமெரிக்கப் படக்கதை 1938இல் படைத்தது. அந்நாயகன் வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் என ஊடகம் மாறியபோதெல்லாம் அவனது மறைவின் பொருளும் மாறியது. அம்மாற்றத்தை இப்பாடம் ஆராய்கிறது.

*

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பள்ளித் தோழர்கள், புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள். சீகல் கதை எழுத, ஷஸ்டர் படம் வரைய, உருவானவனே சூப்பர்மேன். 1938 ஜூன் எனத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் வெளிவந்தான். அழிந்துபோன ஒரு கோளிலிருந்து குழந்தையாய் மண்ணுலகை அடைந்த அவன், கிளார்க் கென்ட் என்னும் பெயரில் நாளிதழ்ச் செய்தியாளனாகப் பணிபுரிகிறான். அவனுடன் பணிபுரிபவள் லோயிஸ் லேன். முதல் இதழிலேயே, நடன விடுதி ஒன்றில் முரடன் ஒருவன் லோயிசிடம் அத்துமீறுகிறான். கிளார்க்கோ கோழைபோல் ஒதுங்கி நிற்கிறான். அவள் அவனை இகழ்ந்துவிட்டு வெளியேறுகிறாள். வாசகர் அறிந்த உண்மையை அவள் அறியாள். அக்கதையின் சுவை அங்கேதான் பிறந்தது.

பிற நாயகர்களிடமிருந்து இவன் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. பேட்மேன் போன்றோர் வீரச்செயலுக்குப் புறப்படும்போது முகமூடி அணிகின்றனர். சூப்பர்மேன் வானில் பறக்கும்போது அவன் முகம் திறந்தே இருக்கிறது; அலுவலகத்தில் அமர்ந்திருக்கும்போதுதான் கண்ணாடிக்குள் ஒளிகிறது. அப்படியானால் மெய்யானவன் யார்? பறப்பவனா, செய்தி எழுதுபவனா? இவ்வினாவுக்கு ஒவ்வோர் ஊடகமும் தனக்கு இயன்ற வழியில் விடை தேடியது.

படக்கதையில் ஓவியர் இரண்டு வட்டங்கள் வரைந்தால் போதும். கண்ணாடி வந்துவிடும், வாசகரும் ஏற்றுக்கொள்வர். 1940இல் தொடங்கிய வானொலித் தொடருக்கு இவ்வசதி இல்லை. அங்கே இரு வேடங்களுக்கும் குரல் கொடுத்த பட் காலியர், கிளார்க்காக மெல்லிய உயர்ந்த குரலில் பேசத் தொடங்கி, அதே தொடரின் நடுவில் குரலைத் தாழ்த்திக் கனக்கச் செய்து சூப்பர்மேனாக முடிப்பார். உடை மாற்றும் காட்சி முழுவதையும் கேட்போர் செவியால் கண்டனர்.

தெரிந்து தெளிவோம்

வானொலியில் நடித்தவரின் பெயர் பல ஆண்டுகள் நேயர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. 1948இல் வெளிவந்த 15 பகுதித் திரைத்தொடரில் கிர்க் ஆலின் நடித்தார். நாயகன் மெய்யானவன் என்ற மயக்கம் கலையாதிருக்க, சூப்பர்மேன் வேடத்துக்கு அவர் பெயர் தரப்படவில்லை. பாத்திரத்தின் மறைவு நடிகரையும் மறைத்தது!

1952 முதல் 1958 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்தார். அவருடைய கிளார்க் துணிவும் தெளிவும் உடைய செய்தியாளர். கண்ணாடியும் தொப்பியும் நீங்கலாக இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியிருந்தும் லோயிஸ் எவ்வாறு ஏமாந்தாள் என்று குழந்தைகளும் கேட்டிருப்பர்.

அவ்வினாவுக்குத் தம் உடலையே விடையாக்கியவர் கிறிஸ்டோபர் ரீவ். ரிச்சர்ட் டானர் இயக்கிய 1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஒரு காட்சி. லோயிஸ் உள்ளறைக்குச் சென்றிருக்கிறாள். கூடத்தில் கோட்டு அணிந்த கிளார்க் தனியே நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிட எண்ணிக் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனிய முதுகு நிமிர்கிறது, தோள் அகல்கிறது, குரல் ஆழமாகிறது. நம் கண்முன்னே வேறொருவன் நிற்கிறான். அவள் திரும்பி வந்ததும் துணிவு தளர்கிறது, கண்ணாடி முகத்துக்கு மீள்கிறது, தோள்கள் சரிகின்றன. தந்திரக் காட்சிகளுக்குப் புகழ்பெற்ற அப்படத்தில், எவ்விதத் தந்திரமும் இல்லாத இச்சில நொடிகளே மிகச் சிறந்தவை எனல் தகும்.

அதன் தொடர்ச்சியாக 1980இல் வந்த இரண்டாம் படம் ஓர் இக்கட்டைக் கொண்டுவந்தது. லோயிஸ் உண்மையை அறிகிறாள். இருவரும் அன்பால் இணைகின்றனர். இறுதியில் கிளார்க் ஒரு முத்தத்தால் அவள் நினைவிலிருந்து அவ்வுண்மையை அழித்துவிடுகிறான். அவள் துயரைப் போக்கவே அவ்வாறு செய்தான் என்று படம் சொல்கிறது. ஆயினும் அவளது நினைவை அவளைக் கேளாமல் அழிக்க அவனுக்கு என்ன உரிமை? நளனை அவன் சமைத்த உணவின் சுவையால் ஐயுற்று, தானே தேடிக் கண்டடைந்தாள் தமயந்தி. அவ்வுரிமை லோயிசுக்கு மறுக்கப்பட்டது.

அடுத்த தலைமுறைப் படைப்பாளர் இக்குறையை உணர்ந்தனர் எனலாம். 1991இல் படக்கதையிலேயே கிளார்க் தன் உண்மையை லோயிசிடம் கூறிவிட்டான். 1993 முதல் 1997 வரை வந்த 'லோயிஸ் அண்ட் கிளார்க்' தொலைக்காட்சித் தொடரில், அவன் மணம் புரிய விருப்பம் தெரிவிக்கும்போது, கேட்பவன் கிளார்க்கா சூப்பர்மேனா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அவளே கண்டறிந்துவிட்டாள்! அவன் இத்தனை நாள் மறைத்தது அவளைப் புண்படுத்துகிறது. இத்தொடரில் கிளார்க்கே மெய்யானவன். சூப்பர்மேன் அவன் பூணும் வேடம்.

2001 முதல் 2011 வரை ஒளிபரப்பான 'ஸ்மால்வில்', நாயகனின் பள்ளிப்பருவத்திலிருந்து தொடங்கியது. அங்கே அவனுக்கு இரண்டாம் பெயரும் இல்லை, பறக்கும் உடையும் இல்லை. சுமக்க ஒரு மறைபொருள் மட்டும் உண்டு. அவன் தன்னிடம் பொய் சொல்கிறான் என்பதை நண்பன் லெக்ஸ் லூதர் உணர்ந்துகொண்டே இருக்கிறான். ஐயம் நட்பை அரிக்கிறது. பிற்காலப் பெரும்பகைக்கு வித்திட்டவற்றுள் அம்மறைப்பும் ஒன்று என்று காட்டியது இத்தொடரின் துணிவு. பத்துப் பருவங்கள் நீண்ட தொலைக்காட்சித் தொடருக்கே இத்தகைய மெல்லிய அரிப்பைக் காட்டப் பொழுது உண்டு. இரண்டரை மணிநேரப் படத்துக்கு அது அரிது.

2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' முறையையே தலைகீழாக்கியது. வளர்ப்புத் தந்தை, மகனின் ஆற்றல் வெளிப்பட்டுவிடக் கூடாதெனக் கையுயர்த்தித் தடுத்து, அவன் கண்ணெதிரே சூறாவளிக்கு இரையாகிறார். ஊர் ஊராக விசாரித்து லோயிஸ் அவனைக் கண்டுபிடிக்கிறாள். அறிந்தபின் அதை வெளியிடாமல் காக்கிறாள். படத்தின் முடிவில்தான் அவன் கண்ணாடி அணிந்து நாளிதழ் அலுவலகத்துள் நுழைகிறான். அவனை யாரென்று அறிந்தே புன்னகையுடன் வரவேற்கிறாள். கண்ணாடி இப்போது அவளை ஏமாற்றும் கருவியாக இல்லை. இருவரும் சேர்ந்து காக்கும் மறைபொருளாகிவிட்டது.

2025ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் லோயிஸ் தொடக்கத்திலேயே எல்லாம் அறிந்தவள். தன் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் கிளார்க்கைச் சூப்பர்மேனாகவே நேர்காணல் செய்கிறாள். கேள்விகள் கூர்மையாகின்றன, அவன் பொறுமை இழக்கிறான்.

கற்பவை கற்றபின்

தமயந்தி வாகுகனை அறிந்துகொண்ட முறையையும், லோயிஸ் கிளார்க்கை அறிந்துகொண்ட முறைகளுள் ஒன்றையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.